சீனி இரண்டு தடவை விழுந்த சாயா

அவர் என் பான்ட்ரிக்குள் நுழைந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

கழக்கூட்டத்தில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒரு பெரிய கட்டடத்தின் மூணாவது மாடியில் இருந்தது. அங்கே பான்ட்ரி என் பொறுப்பு. அறுபது பேருக்குச் சாயா, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. ஸாரோ மேடமோ யாராக இருந்தாலும் வாசலில் நின்று, "சேச்சி, ஒரு சாயா" என்று கேட்கணும். நான் எடுத்துக் கொடுப்பேன். அதுதான் அங்கே முறை. நான் வைத்த முறை.

இந்த மனுஷர் கேட்கவே இல்லை. நேரே வந்தார். அலமாரியைத் திறந்தார். உள்ளே பார்க்கக்கூட இல்லை, இரண்டாவது தட்டில் கையை விட்டு ஒரு டம்ளரை எடுத்தார், சாயாவைப் பிடித்தார், திரும்பினார்.

"ஸாரே, கேட்டா நான் தர மாட்டேனா?" என்றேன்.

"எதுக்குக்கா கேக்கணும்? டம்ளர் எங்க இருக்குன்னு நேத்தே பார்த்து வெச்சுண்டேன்."

"நேத்து பார்த்தா இன்னிக்கு உங்க சொத்தாயிருமோ?"

கோபப்படுவார் என்று பார்த்தேன். சிரித்தார். "இருக்கற இடம் தெரிஞ்சா கேக்கப்படாது அக்கா. கேட்டா ரெண்டு பேருக்கும் நேரம் வேஸ்ட்டு."

இந்த ஒரு வார்த்தையைப் பின்னே நூறு தடவையாவது அவர் வாயால் கேட்டிருப்பேன். இருக்கற இடம் தெரிஞ்சா கேக்கப்படாது. அவர் ஜாதகமே அதுதான்.

பேர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர். அந்தத் தெருக்காரர்களுக்கே உள்ள தமிழ், நடுவில் மலையாளமும் ஆபீஸ் இங்கிலீஷும் ஓடும். நாற்பது வயசு இருக்கும். நல்ல ஒல்லி, பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கு அப்புறமும் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்தார். அந்த மாடியில் என்னிடம் தமிழில் பேசினது அவர் ஒருத்தர்தான். அதனால் கோபம் ரெண்டு நாளைக்கு மேல் நிற்கவில்லை.

அவர் மேஜையைத் துடைக்கிறது ஒரு பெரிய வேலை. அவர் திரையைப் பார்த்தபடியே கையை நீட்டுவார், பேனா கையில் இருக்கும். இந்தப் பக்கம் நீட்டுவார், கண்ணாடிக் கூடு இருக்கும். ஒரு தடவை துடைத்துவிட்டுப் பேனாவை நாலு விரல் தள்ளி வைத்துவிட்டேன். கை போய் வெறும் மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றது. அந்த முகத்தை நீங்கள் பார்க்கணும். பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்தால் வீட்டையே காணோம் என்பது போல.

"அக்கா, நீங்க என் பேனாவை வீடு மாத்திட்டேள்" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். என் வீடு சாலைக் கம்போளம் என்கிற சந்தைக்குப் பின்னால், அரிசி மண்டிச் சந்துக்குள். என்றோ ஒரு நாள் பேச்சுவாக்கில், என் வீட்டில் வாசல் தாண்டினால் இடது கை அடுப்படி, டம்ளர் எல்லாம் ஜன்னல் பக்கத்து ஆணிச் சட்டத்தில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியோடு வந்தவர், கதவைத் தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நேரே அடுப்படிக்குள் போய்ச் சட்டத்திலிருந்து டம்ளரை எடுத்துக் கஞ்சியை ஊற்றினார். என் மருமகள் துணி காயப்போட்டுவிட்டு வந்தவள், அடுப்படியில் யாரோ ஆம்பிளை நிற்கிறதைப் பார்த்து, "எத்தே! கள்ளன்! கள்ளன்!" என்று போட்ட சத்தத்தில் மண்டியில் மூட்டை சுமக்கிறவர்கள் ரெண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள்.

அவர் டம்ளரும் கையுமாக நின்றார். "நான் ஆபீஸ் ஸார்ம்மா, அக்காக்குக் கஞ்சி" என்கிறார்.

"ஆபீஸ் ஸார்னா வாசல்ல ஒரு குரல் கொடுக்கப்படாதா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கற இடம் தெரியும், அதான்..."

காய்ச்சலோடு நான் சிரித்த சிரிப்பில் தலைவலி கூடிப் போயிற்று. ஆனால் என் மருமகள் கேட்டது நியாயம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றினது. இடம் தெரிஞ்சா மட்டும் போதுமா?

இனி சீனி காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஸ்டோர் ரூம் அதே கட்டடத்தின் அடியில்தான். பால் பவுடர், சீனி, தேயிலை எல்லாம் அங்கே. பின்பக்கப் படி ஏறினால் நேரே பான்ட்ரிதான். ஆனால் அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது. எந்தச் சாமான் மேலே போனாலும் முன்வாசல் செக்யூரிட்டி வழியாகத்தான் போகணும் என்று சட்டம். அதனால் நான் சீனி டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கி, கட்டடத்தை அரை வட்டம் சுற்றி, முன்கேட்டில் அட்டையைக் காட்டி, டின்னை மிஷினுக்குள் விட்டு எடுத்து, ரிஜிஸ்டரில் பேர் எழுதி மேலே போவேன். நான் எழுத்துக் கூட்டிப் பேர் எழுதி முடிக்கிறதுக்குள் லிஃப்ட் ரெண்டு தடவை போய் வரும். கேட்டில் இருந்தவர் பட்டாளத்தில் இருந்து வந்த ஆள், மீசைக்காரர். தினமும் என்னைப் பார்க்கிற மனுஷர், தினமும் டின்னைத் திறந்து, "இது என்ன?" என்று கேட்பார். "சீனி" என்று தினமும் சொல்லுவேன்.

ஒரு நாள் நல்ல மழை. நான் நனைந்து டின்னை முந்தானையால் மூடிக்கொண்டு வருகிறேன். இவர் லிஃப்ட் வாசலில் நிற்கிறார்.

"என்னக்கா, எங்க போய்ட்டு வரேள்? ஆத்துல விழுந்தேளா?"

"ஸ்டோருக்கு."

"நம்ம ஸ்டோருக்கா? அது நம்ம காலுக்குக் கீழன்னா இருக்கு!"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் மாறிப் போயிற்று. "நம்ம சாமான். நம்ம வீடு. இருக்கற இடமும் தெரியும். இதைப் போய் வெளியாள் மாதிரி நிறுத்திக் கேள்வி கேக்கறதா?" என்று தனக்குத்தானே பேசினார். அப்புறம் ஒரே சிரிப்பு. "அக்கா, என் வேலையும் இதுதான். அச்சு அசல் இதேதான்."

அன்றைக்குத்தான் அவர் வேலை என்ன என்று எனக்குச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஒரு ப்ரோக்ராம் ஓடணும் என்றால், அதைத் தாங்கி ஓட்டுகிற ஒன்று அதற்கு முன்னால் எழும்பணுமாம். அதற்கு ரன்டைம் என்று பேர். அது எழும்புகிறபோது அதற்குச் சில சாமான் வேண்டும். ஃபைலைத் திறக்க ஒரு மூட்டை, நெட்டில் பேச ஒரு மூட்டை. அந்த மிஷினின் சொந்த பாஷையில் முன்னாலேயே கட்டி வைத்த மூட்டைகள். லைப்ரரி என்பார்கள். வெளியாட்கள் கொண்டு வருகிற மூட்டையும் உண்டு, வீட்டு மூட்டையும் உண்டு.

"வீட்டு மூட்டை அதுகூடவே பொறந்தது அக்கா. எங்க இருக்குன்னு அதுக்கே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இந்த ரூம்ல இருக்கா, அந்த ரூம்ல இருக்கா, உள்ள வர அனுமதி உண்டா, ரிஜிஸ்டர்ல பேர் இருக்கான்னு நின்னு கேட்டுண்டே இருக்கும். நீங்க டின்னோட சுத்தி வரேளே, அதேதான்."

"அப்போ நீங்க அதுக்குப் பின்வாசலைத் திறந்து விடுதீங்க."

"அவ்ளோதான் என் உத்தியோகம்!"

அந்த ரன்டைமுக்கு உரியவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம், அவர்கள் பார்த்து, சோதித்து, சரி என்றால் சேர்த்துக்கொள்வார்கள். இவர் ரெண்டு வருஷமாக இதையே செய்து ரெண்டு தடவை அனுப்பி, ரெண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. வேகம் எல்லாம் சரிதானாம். ஆனால் ஆயிரம் தடவை எழும்பினால் எங்கேயோ ஒரு தடவை எழும்பாமல் விழுந்துவிடுகிறது. ஏன் விழுகிறது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை.

பான்ட்ரியில் நின்றால் எல்லாம் காதில் விழும். என்னைச் சுவர் என்று நினைத்துத்தான் பேசுவார்கள். ஒரு நாள் மேனேஜர் சொன்னார்: "இதோ பாரு, மூணாவது தடவையும் திரும்பி வந்தா விட்டுடு. பேங்க் ப்ராஜெக்ட்ல ஆள் வேணும். அடுத்த நாளே அங்கே போய் உட்காரு. இந்த வேலையை இதோட மூடிடலாம்."

"இன்னும் ஒரு தடவை பார்க்கறேன் ஸார்" என்றார் இவர். மேனேஜர் போன பிறகு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சாயாவில் ஆடை படிந்துவிட்டது. அந்த ஆடையோடு குடித்துவிட்டுப் போனார். அவர் அப்படிக் குடிக்கிற ஆள் இல்லை.

இதற்கு நடுவிலும் என் பின்வாசலை விடவில்லை. மூணு வாரம் அட்மின் ஆபீஸுக்கு நடந்து நடந்து, பான்ட்ரி சாமானுக்கு மட்டும் பின்கதவைத் திறக்க அனுமதி வாங்கினார். பான்ட்ரியில் நான் ஒருத்தி, லீலாம்மா ஒருத்தி. நெடுமங்காட்டுக்காரி, நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம். இவர் சாலைக் கம்போளத்துச் சாவிக் கடையில் ரெண்டு சாவி வெட்டி வந்து ஆளுக்கு ஒண்ணு தந்தார்.

"ஒண்ணு போதாதா ஸார்?" என்றேன்.

"ஒண்ணுன்னா நீங்க லீலாம்மாவைக் கேக்கணும், லீலாம்மா உங்களைக் கேக்கணும். எதுக்கு? ஆளுக்கொரு சாவி. யாரும் யாரையும் கேக்க வேண்டாம்."

கேட்டில் மீசைக்காரருக்கு மட்டும் வருத்தம். "எண்ட கேட்டில் என்ன குறை கண்டது?" என்று என்னிடம் ரெண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

மூணாவது தடவை அனுப்புகிற நாள் வந்தது. இங்கே செய்த சோதனை எல்லாம் பாஸ். காலையிலேயே அனுப்பியாயிற்று, சாயங்காலம் அங்கே உள்ளவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். மேனேஜருக்கு ஒரே உற்சாகம். "சேச்சி, பதினோரு மணிக்கு எல்லாருக்கும் ஸ்பெஷல் சாயா, வாழைப்பழத்துல பழம்பொரி" என்றார். நானும் இன்றைக்கு என் சாயாவை எல்லாரும் பேசணும் என்று இஞ்சி தட்டிப் போட்டு, பின்படி இறங்கி அன்றைக்கு வேண்டிய சீனியை மட்டும் அளந்து கொண்டு வந்து போட்டுக் கலக்கிவிட்டு, ஹாலில் டம்ளர் அடுக்கப் போனேன்.

எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. மேனேஜர் ஒரு வாய் குடித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. கண்ணை உருட்டிக்கொண்டு, "சேச்சி, இது சாயாவா பாயசமா?" என்றார். ஹாலே சிரித்தது. ஒரு பெண் பிள்ளை, "முந்திரிப் பருப்பைக் காணோமே சேச்சி" என்றாள்.

என் சாயாவை அந்த மாடியில் அதுவரை ஒருத்தரும் குறை சொன்னது கிடையாது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நான் ஒரு டம்ளர் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

பான்ட்ரிக்கு வந்து லீலாம்மாவைப் பிடித்தேன். "ஏட்டி, நீ சீனி போட்டியா?"

"இட்டு. சேச்சி அங்கே டம்ளர் அடுக்கப் போயி. பால் திளைச்சுப் பொங்குது. ஞான் ஓடிப் போய்க் கொண்டு வந்து இட்டு."

"நான் முன்னாலேயே போட்டாச்சே!"

"அது எனக்கு எங்கனே அறியும்? சேச்சி சொன்னதா?"

"நான் ஒரு தடவைதான் போட்டேன்!"

"ஞானும் ஒரு தடவைதான் இட்டது!"

இவர் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியாது. கையில் அந்தச் சாயா. "சண்டை போடாதீங்கோ. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். டம்ளரையே பார்த்தார். "பின்கதவு திறக்கறதுக்கு முன்னாடி எப்படி அக்கா தெரியும்? ஒருத்தர் போட்டாச்சுன்னு மத்தவருக்கு யார் சொல்லுவா?"

"கேட்டில் மீசைக்காரர்தான். ரெண்டாவது போனா, 'சீனி மேல போயாச்சு, நீ திரும்பிப் போ'ம்பாரு. ரிஜிஸ்டர்ல எழுதியிருக்குமே."

டம்ளரை மெதுவாக மேடை மேல் வைத்தார். "ரிஜிஸ்டர்" என்றார். "கேட்டோட சேர்த்து நான் அவரையும் எடுத்துட்டேன்." அவ்வளவுதான். வேகமாகப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே காலி டம்ளர் பொறுக்குகிற சாக்கில் போனேன். நேரே மேனேஜர் முன்னால் நின்று, "ஸார், அனுப்பினதைத் திரும்ப எடுத்துடறேன். தப்பிருக்கு" என்றார்.

மேனேஜர் பழம்பொரியைக் கீழே வைத்தார். "எல்லாம் பாஸ் ஆச்சே!"

"பாஸ் ஆனது அதிர்ஷ்டம். ஒரே வீட்டு மூட்டையை ரெண்டு பேர் ஒரே நேரத்துல எடுக்கப் போனா, ரெண்டு பேரும் உள்ள கொண்டு வந்து ரெண்டு தடவை கொட்டிடறா. அதான் எப்பவோ ஒரு தடவை விழறது."

"இதை எப்போ கண்டுபிடிச்சே?"

"இப்போதான். சாயா குடிச்சப்போ."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டார். "மூணாவது தடவைன்னா மூணாவது தடவைதான்னு சொல்லியிருந்தேன்" என்றார்.

"தெரியும் ஸார். திரும்பி வந்ததா எழுதிக்கோங்கோ. ஆனா தப்புன்னு தெரிஞ்சு உள்ள போக விட மாட்டேன்."

அதுவரைக்கும் அவர் தனக்கென்று யாரையும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டார். "திங்கக்கிழமை வரைக்கும் டைம் தருவேளா?" என்று. கேட்கிற பழக்கம் இல்லாத ஆள் கேட்டால் அது மேனேஜருக்கும் தெரியும் போலிருக்கிறது. "சரி, திங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் பான்ட்ரிக்கு ஓடி வந்தார். முகம் எல்லாம் வெளிச்சம். "அக்கா, விழுந்துடுத்து! வேணும்னே ரெண்டு பேரை ஒண்ணா அனுப்பிப் பார்த்தேன். ரெண்டாவது தடவையே விழுந்துடுத்து!"

"விழுந்ததுக்கு யாராவது இப்படிச் சந்தோஷப்படுவாங்களா ஸார்?"

"ரெண்டு வருஷமா அது விழற இடத்தைத்தானே அக்கா தேடிண்டிருக்கேன்."

எங்கள் பான்ட்ரியிலும் நான் ஒரு முறை வைத்துவிட்டேன். லீலாம்மாவின் சாவியை வாங்கி ஸாரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரே சாவி, கதவுப் பக்கத்து ஆணியில். ஆணி வெறுமையாக இருந்தால் ஒருத்தி போயிருக்கிறாள், மற்றவள் நிற்கணும். சீனி போட்டதும் கரண்டியைச் சாயாப் பாத்திரத்தின் மேல் குறுக்கே வைக்கணும். சாவி கைக்கு வந்தாலும் கரண்டியைப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கணும். இதை ஸாருக்குக் காட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவர் ஆணியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். "இதைத்தான் அக்கா நேத்து முழுக்க உட்கார்ந்து எழுதினேன். எங்க தொழில்ல இதுக்குப் பூட்டுன்னு பேர், ரொம்பப் பழைய சங்கதி. தெரிஞ்சதை வேண்டாம்னு தூக்கிப் போட்டவன் நான்."

"அப்போ மறுபடியும் சுத்தித்தான் போகணுமா?"

"இல்லையே. பின்வாசல்தான். இடம் தெரியும், நேரே போலாம். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி, யாராவது கொண்டு வந்தாச்சா? அதோட சரி."

ஞாயிற்றுக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். சாயா கெட்டதுக்கும் சேர்த்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று. வரிசையில் பார்த்தால் இவர் ரெண்டு தேங்காயோடு நிற்கிறார்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு அக்கா."

"என் தேங்காய் என் கையில இருக்கே ஸார்! கேட்டிருக்கப்படாதா?"

என் கையைப் பார்த்தார். தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டார். மூணையும் உடைத்தோம். பிள்ளையாருக்குக் கூடுதல் ஆனால் ஒன்றும் விழுந்துவிடாது.

திங்கள் அனுப்பினார். அங்கே ஒரு வாரம் சோதித்தார்கள். பத்தாயிரம் தடவையோ என்னமோ எழுப்பிப் பார்த்தார்களாம், ஒரு தடவைகூட விழவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். அவர் வந்து சொன்னபோது நான் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு நேரம் மிச்சமாச்சு ஸார்?"

"கடுகு வெடிக்கிற நேரம்கூட இல்லை. அதுல ஒரு துளி."

"இதுக்கா ரெண்டு வருஷம்!"

"ஒரு தடவைக்கு அவ்ளோதான் அக்கா. ஆனா எத்தனை ஊர்ல, எத்தனை மிஷின்ல, நாளுக்கு எத்தனை தடவை எழும்பறது! நீங்க பேங்குக்குப் போறச்சே, ஆஸ்பத்திரில சீட்டு எடுக்கறச்சே, அங்கல்லாம்கூட இது இருக்கலாம்."

சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் போனார். கையை நீட்டினவர், நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, ஒரு டம்ளர் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க ஸார்" என்றேன். அலமாரிக்குள் பார்க்காமலே எடுத்தார்.

அடுத்த வருஷம் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். நானும் மூட்டு வலி வந்து வேலையை விட்டு வருஷங்கள் ஆயிற்று. லீலாம்மா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். கரண்டி குறுக்கேதான் வைக்கிறாளாம், போனில் சொன்னாள்.

போன மாசம் மூட்டு வலியைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு கவுண்டரில் எனக்கு முன்னால் நாலு பேர், பின்னால் பெரிய வரிசை. கரண்ட் போய் வந்தது. கவுண்டரில் இருந்த பெண், "சிஸ்டம் ஆன் ஆகட்டும் அம்மச்சி, இப்போ வரும்" என்றாள். பின்னால் ஒருத்தர் "இன்னும் எத்தனை நேரமோ" என்று முனகினார். நான் அந்தத் திரையின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள்ளே அவர் எழுதினது இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. உள்ளே யாரோ படி இறங்குகிறார்கள், ஆணியைப் பார்க்கிறார்கள், சாவியை எடுக்கிறார்கள், கரண்டியைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வந்துட்டு. பேர் சொல்லுங்க அம்மச்சி" என்றாள் அந்தப் பெண்.

வரிசை நகர்ந்தது. சீக்கிரம் வந்துவிட்டதே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அத்தனை வருஷம் சாயா போட்டவள் நான். சீனி சரியாக இருந்த நாளில் யார் சீனியைப் பற்றிப் பேசினார்கள்?